விமானியறைக் கதவு யார் பொறுப்பில் இருக்கிறது?

விம்கோ நகரில் ஏறுபவர் வண்டி மாறாமலேயே விமான நிலையத்தில் இறங்கலாம் என்ற வசதி, 2021 பிப்ரவரியில் சென்னை மெட்ரோ பாதை வண்ணாரப்பேட்டையைத் தாண்டி வடக்கே நீண்டபோது கிடைத்தது. அதுவரை திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் இருப்பவர்களுக்கு மீனம்பாக்கம் கிட்டத்தட்ட வெளியூர்தான். சில மாதங்களுக்கு முன்பு, சிங்கப்பூருக்குப் புறப்பட்ட மகளை வழியனுப்பச் சென்ற பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் துணையாக நானும் அந்த வண்டியில் போனேன். துறைமுகத்தின் இழுவைப் படகுகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். முதல் பெட்டியில், ஓட்டுநர் அறையின் சாத்திய கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், மண்ணடி தாண்டியதும் கேட்டார்:

“ஏம்பா, பிளேன்லயும் இப்படித்தான் பூட்டிக்கினு ஓட்டுவாங்களா?”

“ஆமாங்க. இதைவிடக் கெட்டியான கதவு.”

“அப்ப பொண்ணு குந்தியிருக்கிற எடத்துல எதனா ஆச்சுன்னா யாரு பொறுப்பு?”

“அந்த கேப்டன்தாங்க.”

“கதவச் சாத்திக்கினு உள்ள இருக்கிறவரு, வெளிய நடக்கிறதுக்கு எப்படிப்பா பொறுப்பு?”

வண்டி விமான நிலையம் சேரும் வரை நான் சொன்ன பதில் அவருக்கு நிறைவளிக்கவில்லை, எனக்கும்தான். ஏனெனில், உலகெங்கும் விமானப் பாதுகாப்பு விதிகள் கடந்த கால் நூற்றாண்டாக விடை தேடிக்கொண்டிருக்கும் இடத்தையே அவர் தொட்டுவிட்டார். கதவைப் பூட்டச் சொல்லும் விதி ஒன்று. விமானத்தில் உள்ள அனைவருடைய பாதுகாப்புக்கும் தலைமை விமானியே பொறுப்பு என்னும் விதி இன்னொன்று. முன்னது 2001க்குப் பிறகு இறுகியது. பின்னது அதற்குப் பல பத்தாண்டுகள் மூத்தது. இரண்டும் ஒரே மனிதரின் தோளில் உட்கார்ந்திருக்கின்றன.

பெரியவரின் தொழிலிலிருந்தே தொடங்கினால் இது விளங்கும். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் துறைமுகத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு ‘பைலட்’ என்ற சொல் ஆகாயத்தை நினைவூட்டுவதில்லை. வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் படகில் போய், அதன் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியைப் பிடித்து ஏறி, கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பவர்தான் அவர்களுடைய பைலட். ஆனால் அவர் மேல்தளத்தில் நின்று திசை சொல்லும் நேரத்திலும் கப்பலின் கேப்டனுக்கு உள்ள பொறுப்பு தீர்ந்துபோவதில்லை. வழிகாட்டுபவர் ஒருவர், பொறுப்பாளி இன்னொருவர் என்பது கடல் மரபு. விமானத்தில் இந்த இரண்டு வேலையும் ஒருவரிடமே சேர்ந்துவிட்டன. 2001க்குப் பிந்தைய அதே அச்சத்தில் பிறந்து 2004 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பை ஒட்டி, அரசின் அதிகாரம் பெற்றவர் அல்லாத எவரையும் கப்பலில் ஏற்ற மறுக்கும் உரிமை கப்பல் கேப்டனுக்குச் சர்வதேச உடன்படிக்கையிலேயே எழுதிவைக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வாயிலில் கன்டெய்னர் லாரிக்காரரின் பாஸைச் சோதிக்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரின் அதே சீருடையைத்தான் மீனம்பாக்கத்து வாயிலிலும் பார்க்கிறோம். இரு தொழில்களும் ஒரே ஆண்டுகளில் ஒரே பாடத்தைக் கற்றன.

விமானியறைக் கதவு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1990களில் விமானத்தில் சென்றவர்கள், பறக்கும்போதே குழந்தைகளைக் காக்பிட்டுக்குள் அழைத்துச் சென்று காட்டியதை நினைவில் வைத்திருப்பார்கள். கதவு மெல்லிய பலகை. அவசரக் காலத்தில் உடைத்துக்கொண்டு வெளியேற வசதியாக இருக்க வேண்டும் என்பதே அன்றைய எண்ணம். அந்த உபசாரத்துக்கு விலையும் இருந்தது. 1994 மார்ச் 23 அன்று மாஸ்கோவிலிருந்து ஹாங்காங்குக்குப் பறந்த ஏரோஃப்ளோட் ஏ310 விமானத்தில், விமானி தம்முடைய பிள்ளைகளை இருக்கையில் உட்காரவைத்தார். பதினைந்து வயது மகன் கட்டுப்பாட்டுக் கருவியை அழுத்திப் பிடித்ததில், தானியங்கி முறையின் ஒரு பகுதி எவரும் அறியாமல் விலகிக்கொண்டது. விமானம் சாய்ந்து விழுந்து, அதிலிருந்த 75 பேரும் மாண்டார்கள். வெளியிலிருந்து எந்தப் பகைவனும் அந்த அறைக்குள் நுழையவில்லை. பிற்பாடு வந்த விதிகளின் பெரும்பகுதி கடத்தல்காரனை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், அன்பின் பேரில் உள்ளே அழைக்கப்படுபவரும் ஆபத்தாக முடியலாம் என்ற இந்தப் பாடம் எளிதில் மறக்கப்பட்டுவிடுகிறது.

இந்தியர்களுக்குக் கதவு என்றதும் நினைவுக்கு வருவது ஐசி 814. 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்துகொண்டிருந்த அந்த விமானத்தை ஐந்து பேர் கடத்தினர். அமிர்தசரஸில் தரையிறங்கிய விமானம், ஒரு மணி நேரம்கூட ஆகாமல், எரிபொருள் நிரப்பாமலேயே மீண்டும் எழும்பியது. லாகூர், துபாய் வழியாகக் காந்தஹார் சென்றது. ஆண்டின் கடைசி நாளில், சிறையிலிருந்த மூவரை இந்தியா விடுவித்த பிறகே பயணிகள் மீட்கப்பட்டார்கள். தலைமை விமானி தேவி சரணின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கழுத்தருகே ஆயுதம், பின்னால் பயணிகள், கீழே எதையும் முடிவு செய்யாத நிர்வாகம். பொறுப்பு முழுவதும் அவருடையது, அதிகாரமோ காக்பிட்டுக்குள் வந்துவிட்டவனுடையது. அந்த அறை கைமாறிவிட்டால் சட்டப் புத்தகத்தில் விமானிக்கு உள்ள அதிகாரம் அத்தனையும் காகிதமாகிவிடுகிறது என்பதை அந்த ஏழு நாட்கள் காட்டின. அடுத்த ஆண்டே, 2000 டிசம்பர் 29 அன்று, நைரோபிக்குச் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானத்தில் மனநிலை பிறழ்ந்த ஒரு பயணி காக்பிட்டுக்குள் பாய்ந்து கருவியைப் பற்றியதில், விமானம் கிட்டத்தட்டக் கவிழ்ந்து, பின் மீட்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகும் கதவு பலகையாகவே இருந்தது.

2001 செப்டம்பர் 11 அன்று 19 பேர் நான்கு விமானங்களைக் கைப்பற்றிய பின்னர்தான் உலகம் தச்சனை அழைத்தது. கடத்தல்காரன் பேரம் பேசுவான், ஆகவே அவனுக்கு இணங்கிப் பொழுதைக் கடத்த வேண்டும் என்று அதுவரை விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. விமானத்தையே குண்டாக்க வந்தவனிடம் அந்தப் பாடம் செல்லுபடியாகவில்லை. அமெரிக்கா 2003 ஏப்ரலுக்குள் கதவுகளை மாற்றச் சொன்னது. இக்காவோ என்று அழைக்கப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 2003 நவம்பர் 1 முதல், 60க்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட, அல்லது 45,500 கிலோவுக்கு மேல் எடையுடன் எழும்பக்கூடிய பயணிகள் விமானம் ஒவ்வொன்றிலும், சிறு துப்பாக்கிக் குண்டையும் கையெறி குண்டின் சிதறலையும் தாங்கும் கதவு இருக்க வேண்டும் என்றது. பயணிகள் ஏறி முடிந்து வெளிக்கதவுகள் சாத்தப்பட்ட நொடியிலிருந்து, இறங்குவதற்காக அவற்றில் ஒன்று திறக்கப்படும் வரை, விமானியறைக் கதவு பூட்டியே இருக்க வேண்டும். அனுமதி பெற்றவர் உள்ளே போகவும் வெளியே வரவும் மட்டுமே திறக்கலாம். கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்பதை விமானிகள் தம் இருக்கையிலிருந்தே பார்க்க வழி இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரி முக்கியமானது. நம் வீட்டுக் கதவில் ஆள் பார்க்கும் கண்ணாடித் துளை வைப்பது போன்ற ஏற்பாடுதான். ஆனால் இங்கே கேமரா காட்டும் சதுர அடிக்கு அப்பால் பயணிகள் பகுதி முழுவதும் விமானிக்கு இருட்டு. அங்கே நடப்பதைப் பணிக்குழுவினர் இன்டர்காமில் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

கதவு இயங்கும் விதத்தையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நம்மூரில் அதிகம் பறக்கும் ஏ320 வகையில், வெளிப்பக்கம் எண் பலகை ஒன்று இருக்கும். பணிப்பெண் வழக்கமான எண்ணை அழுத்தினால் உள்ளே ஒலி எழும்பும். விமானி கேமராவில் பார்த்து, தம்மிடமுள்ள பொத்தானைத் திறப்பு நிலைக்குத் தள்ளுவார். உள்ளேயிருந்து பதிலே வராவிட்டால், விமானிகள் மயங்கிக் கிடக்கிறார்கள் என்ற ஐயத்தில், வெளியில் இருப்பவர் அவசர எண்ணை அழுத்தலாம். உள்ளே சில நொடிகள் எச்சரிக்கை ஒலி கேட்கும். எவரும் தடுக்காவிட்டால் பூட்டு ஐந்து நொடிகளுக்கு விடுபடும். உள்ளே இருப்பவர் அதைத் தடுக்க நினைத்தால், பொத்தானைப் பூட்டு நிலைக்குத் தள்ளினால் போதும். பல நிமிடங்களுக்கு எண் பலகையே செத்துவிடும். வடிவமைப்பாளர்கள் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டியிருந்தது: உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் முரண்பட்டால் யார் சொல் செல்லும்? உள்ளே இருப்பவர் சொல்தான் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 2001ஐப் பார்த்தவர்கள் வேறு எதையும் முடிவு செய்திருக்க முடியாது.

அந்த முடிவின் மறுபக்கம் 2015 மார்ச் 24 அன்று தெரிந்தது. பார்சிலோனாவிலிருந்து டுசல்டோர்ஃபுக்குச் சென்ற ஜெர்மன்விங்ஸ் ஏ320 விமானம் 38,000 அடி உயரத்தில் இருந்தபோது, கேப்டன் வெளியே போனார். தனியாக இருந்த துணை விமானி, உயரக் கருவியை 100 அடிக்குத் திருப்பி, கதவைப் பூட்டிக்கொண்டார். கேப்டன் இன்டர்காமில் அழைத்தார், தட்டினார், இடித்தார். துப்பாக்கிக் குண்டுக்கே அசையாத கதவு அவருக்கும் அசையவில்லை. சுமார் பத்து நிமிடங்களில் விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதியது. 150 பேர் இறந்தனர். துணை விமானிக்கு மன நோய் இருந்ததும், மருத்துவர்களுக்குத் தெரிந்த அது நிறுவனத்துக்குத் தெரியாமல் போனதும் விசாரணையில் வெளியாயின. இது முதல் முறையும் அல்ல. 2013 நவம்பரில் மொசாம்பிக் விமானம் ஒன்றில் கேப்டன், துணை விமானி வெளியேறியதும் கதவை அடைத்துக்கொண்டு விமானத்தை வீழ்த்தினார். 33 பேர் பலி. 2014 பிப்ரவரியில் எத்தியோப்பிய விமானத்தின் துணை விமானி, கேப்டனை வெளியே விட்டுப் பூட்டி, ஜெனீவாவில் கொண்டுபோய் இறக்கி அடைக்கலம் கேட்டார். அந்தக் கடத்தலில் நல்லவேளையாக எவரும் இறக்கவில்லை.

பெரியவர் கேட்டதை இப்போது திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். கதவுக்கு உள்ளே இருப்பவர் வெளியே நடப்பதற்கு எப்படிப் பொறுப்பு என்பது அவருடைய கேள்வி. வெளியே நிறுத்தப்பட்டுவிட்ட கேப்டன், உள்ளே நடப்பதற்கு எப்படிப் பொறுப்பு என்பது ஜெர்மன்விங்ஸ் எழுப்பிய கேள்வி.

ஒரு விடை, விமானியறையில் எப்போதும் இருவர் இருக்க வேண்டும் என்ற விதி. ஒரு விமானி வெளியே போனால் பணிக்குழுவைச் சேர்ந்த ஒருவர் உள்ளே வந்து நிற்க வேண்டும். மற்ற விமானிக்கு மயக்கம் வந்தால் கதவைத் திறக்கவாவது ஒரு கை அங்கே இருக்கும். இந்தியாவில் ஜெர்மன்விங்ஸுக்கு முன்பே இது நடைமுறையில் இருந்தது. ஐரோப்பா விபத்து நடந்த சில நாட்களில் இதைப் பரிந்துரைத்து, அடுத்த ஆண்டே தளர்த்திக்கொண்டது. கதவு திறந்து மூடும் தடவைகள் கூடுகின்றன, விமானியின் அளவுக்குச் சரிபார்க்கப்படாத இன்னொருவர் அடிக்கடி உள்ளே வருகிறார், திட்டமிட்டுவிட்ட விமானியை ஒரு பணியாளர் தடுத்துவிடுவாரா என்பதும் ஐயம் என்று அவர்கள் வாதிட்டார்கள். அதற்குப் பதிலாக, விமானிகள் தம் மனச்சுமையைச் சக விமானிகளிடம் வேலை பறிபோகும் அச்சமின்றிச் சொல்வதற்கான அமைப்பை 2018இல் விதியாகக் கொண்டுவந்தார்கள். வாதம் மதிக்கத்தக்கது. ஆனாலும் நம் விதியே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. தீய எண்ணத்தைத் தடுக்க அந்த இரண்டாம் ஆள் போதாமல் இருக்கலாம். மயக்கம் வந்து சாய்பவருக்குப் போதும்.

2024 பிப்ரவரி 17 அன்று நடந்தது இதைத்தான் உணர்த்துகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து செவில்லுக்கு 199 பயணிகளுடன் சென்ற லுஃப்தான்சா ஏ321 விமானத்தில் கேப்டன் கழிவறைக்குச் சென்ற நேரம், துணை விமானி நினைவிழந்தார். சுமார் பத்து நிமிடங்கள் விமானம் விழிப்பில் உள்ள எவருடைய கையும் படாமல் தானியங்கியில் பறந்தது. கேப்டன் வழக்கமான எண்ணை ஐந்து முறை அழுத்தியும் பதில் இல்லை. கடைசியில் அவசர எண்ணை அழுத்திக் காத்திருந்தபோது, பூட்டு தானாக விடுபடும் முன்பே, உள்ளே நினைவு திரும்பிய துணை விமானி தட்டுத்தடுமாறிக் கதவைத் திறந்தார். மத்ரித்தில் இறங்கினார்கள். இன்னொருவர் உள்ளே இருப்பது நல்லது என்ற கருத்தை ஸ்பெயின் நாட்டு விசாரணை மீண்டும் எழுப்பியது. விதி நம்மிடம் இருப்பதனால் எல்லாம் சரியாகிவிடுவதும் இல்லை. 2018 ஜனவரி 1 அன்று லண்டனிலிருந்து மும்பைக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் இரு விமானிகளுக்கும் சண்டை மூண்டு, ஒரு கட்டத்தில் இருவருமே காக்பிட்டை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். நிறுவனம் இருவரையும் வேலையிலிருந்து நீக்கியது.

இனி, உள்ளே யார் வரலாம் என்பது. பணியில் உள்ள விமானிகள், பணிக்குழுவினர், டிஜிசிஏ என்று அறியப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆய்வாளர்கள், குறிப்பிட்ட வேலைக்காக முன்அனுமதி பெற்ற சிலர் என்று பட்டியல் சிறியது. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் கதவு திறந்துவிடாது. அந்தப் பயணத்தின் தலைமை விமானியும் இணங்க வேண்டும். அதேபோல அவர் இணங்கிவிட்டதனால் மட்டும் பட்டியலில் இல்லாதவர் வந்துவிடவும் முடியாது. பலர் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இரண்டாம் பாதியைத்தான். தன் வீட்டு வாசலில் யாரை வேண்டுமானாலும் உட்காரவைக்கும் உரிமை போன்றதல்ல இது. ரேஷன் கடைக்காரரின் சாவி போன்றது. சாவி அவர் இடுப்பில் இருக்கலாம், உள்ளே இருக்கும் அரிசி அவருடையது ஆகாது.

2023 பிப்ரவரி 27 அன்று துபாயிலிருந்து டெல்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தில், பயணியாக வந்த தம் தோழியை விமானி காக்பிட்டுக்குள் அழைத்து உட்காரவைத்தார். இது வெளியே வந்ததே பணிக்குழுவைச் சேர்ந்த ஒருவர் புகார் செய்ததால்தான். மே மாதத்தில் டிஜிசிஏ அந்த விமானியின் உரிமத்தை மூன்று மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. தடுக்கத் தவறியதற்காகத் துணை விமானி எச்சரிக்கப்பட்டார். தண்டனைக்கு அடிப்படையாகக் காட்டப்பட்டது 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 141ஆவது விதி. விமானத்தின் இயக்கத்துக்கும், அதிலுள்ள அனைவருடைய பாதுகாப்புக்கும், குழுவினரை மேற்பார்ப்பதற்கும் தலைமை விமானியே பொறுப்பு என்று சொல்லும் விதி அது. கதவைப் பற்றிய தவறு, கதவைப் பற்றிய விதியில் அடங்காமல், பொறுப்பைப் பற்றிய பழைய விதிக்குப் போய்ச் சேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு ஜூனில் டெல்லி–லே விமானத்திலும் இதே போன்று நடக்க, இம்முறை விமானியின் உரிமம் ஓராண்டுக்கு நிறுத்தப்பட்டது.

பட்டியலில் உள்ளவரே ஆபத்தாவதும் உண்டு. 1994 ஏப்ரலில் ஃபெடெக்ஸ் சரக்கு விமானத்தில், அதே நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் கூடுதல் இருக்கையில் வந்து, சுத்தியலால் விமானிகளைத் தாக்கினார். படுகாயத்துடன் அவர்கள் விமானத்தை இறக்கினார்கள். 2023 அக்டோபரில் அமெரிக்காவில், பணியில் இல்லாத ஒரு விமானி, காக்பிட்டின் கூடுதல் இருக்கையிலிருந்து எழுந்து இயந்திரங்களை அணைக்கும் பிடிகளை இழுக்க முயன்றார். அடையாள அட்டை மனத்தைக் காட்டுவதில்லை. ஆகவேதான் அட்டையைச் சரிபார்த்த பிறகும் தலைமை விமானியின் தனிப்பட்ட முடிவுக்கு விதியில் இடம் விடப்பட்டிருக்கிறது. கூடுதல் இருக்கை கேட்டு வருபவரிடம் இரண்டு வார்த்தை பேசி ஆளை எடைபோட்டு அனுப்புவது அந்த முடிவின் ஒரு பகுதி.

அப்படியானால், பூட்டிய கதவுக்குள் இருப்பவரின் கை பயணிகள் பகுதிக்கு எவ்வாறு நீள்கிறது? இதற்கான சட்டம் 1963 செப்டம்பரில் டோக்கியோவில் கையெழுத்தான உடன்படிக்கை. இந்தியா 1975இல் அதைத் தன் சட்டமாக்கியது. விமானத்தின், அதிலுள்ளவர்களின் பாதுகாப்புக்கு ஒருவர் ஊறு செய்வார் என்று நம்பத் தக்க காரணம் இருந்தால், தலைமை விமானி அவரைக் கட்டிவைக்கச் சொல்லலாம், வழியில் இறக்கிவிடலாம், தரையிறங்கிய நாட்டின் காவல்துறையிடம் ஒப்படைக்கலாம். குழுவினருக்கு இதில் உதவும்படி அவர் ஆணையிடலாம். பயணிகளிடம் கேட்டுக்கொள்ளலாம், ஆணையிட முடியாது. நியாயமாக நடந்துகொண்டிருந்தால் பின்னால் அவர் மேல் வழக்குப் போட முடியாது. இத்தனை அதிகாரமும் எப்போது தொடங்குகிறது என்றால், பயணிகள் ஏறி வெளிக்கதவுகள் சாத்தப்பட்ட நொடியில். முடிவது, இறங்குவதற்காக ஒரு கதவு திறக்கப்படும்போது. விமானியறைக் கதவுக்கு இக்காவோ வைத்த கால அளவும் ஏறக்குறைய இதே சொற்களில் இருப்பதை மேலே பார்த்தோம். பொறுப்பும் பூட்டும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன.

சென்னையிலேயே நடந்த ஒன்று இதற்குப் பொருத்தமானது. 2022 டிசம்பர் 10 அன்று, திருச்சிக்குப் புறப்படவிருந்த ஒரு விமானத்தின் அவசரக் கதவு, தரையில் இருந்தபோதே பயணி ஒருவரால் திறக்கப்பட்டது. தவறுதலாக நடந்தது என்று சொல்லப்பட்டது. உரிய சோதனைகள் முடிந்த பின்னரே விமானம் கிளம்பியது. அந்த நேரத்தில் பறப்பதா வேண்டாமா என்பதில் இறுதிச் சொல் விமானியுடையது. பயணியின் பதவியோ நிறுவனத்தின் கால அட்டவணையோ அந்தச் சொல்லுக்கு மேல் நிற்க முடியாது.

ரகளை செய்யும் பயணிகளை டிஜிசிஏயின் 2017ஆம் ஆண்டு விதி மூன்று நிலையாகப் பிரிக்கிறது. வாய்ச்சண்டைக்கு மூன்று மாதம் வரை பறக்கத் தடை. கைகலப்புக்கு ஆறு மாதம் வரை. உயிருக்கு ஆபத்தான செயலுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள். காக்பிட்டுக்குள் நுழைய முயல்வதும் இந்தக் கடைசி நிலையில்தான் வருகிறது. தலைமை விமானி புகார் எழுதினால், ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முப்பது நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முதல் முறை பறப்பவர்கள் கழிவறை என்று எண்ணி விமானியறைக் கதவை நெருங்குவதும் நடக்கிறது. 2025 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து வாராணசிக்குச் சென்ற விமானத்தில் அப்படியே விளக்கம் தரப்பட்டது. வளைகுடா வேலைக்கு முதல் தடவையாகப் புறப்படும் எண்ணூர்ப் பையனுக்கு இதை யாராவது முன்பே சொல்லி அனுப்புவது நல்லது. முன்பக்கம் கழிவறைக் கதவும் காக்பிட் கதவும் அருகருகே இருக்கும். எண் பலகை உள்ள கதவைத் தொடக் கூடாது.

கைகலப்பு நடக்கும்போது கேப்டன் எழுந்து வந்து விலக்கிவிட மாட்டாரா என்பது பலரும் கேட்பது. முன்பு வந்தார்கள், இப்போது வரக் கூடாது. சண்டை, கதவைத் திறக்கவைப்பதற்கான நாடகமாக இருக்கலாம். பணிப்பெண்ணின் கழுத்தில் கத்தி வைக்கப்பட்டாலும் கதவு திறக்கப்படாது என்பதுதான் இன்றைய பயிற்சியின் கசப்பான உட்பொருள். உள்ளே இருப்பவர் செய்யக்கூடியது, கடத்தலைக் குறிக்கும் 7500 என்ற எண்ணைத் தரைக்கு அனுப்பி, அருகிலுள்ள ஓடுதளத்தில் விரைந்து இறக்குவது. அவருடைய பொறுப்பு குறையவில்லை. அதை நிறைவேற்றும் கருவி மட்டும் மாறிவிட்டது. கண்ணால் பார்த்துத் தீர்த்த ஒன்றை இப்போது இன்டர்காமில் கேட்கும் குரலை நம்பித் தீர்க்கிறார். புறப்படுவதற்கு முன் பணிக்குழுவினருடன் நடக்கும் சில நிமிடப் பேச்சு, அவர்களுக்குள் வைத்துக்கொள்ளும் குறிச்சொல் இவையெல்லாம் இதனால்தான் சடங்காகிவிடாமல் இருக்க வேண்டும். பணிக்குழுவினரைக் கீழாக நடத்தும் கேப்டன், தம் கண்களையே கட்டிக்கொள்கிறார். 2023இன் துபாய் விமானத்தில் விதியைக் காத்தவர் பணிக்குழுவினரில் ஒருவர்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவது, கதவு திறந்தாக வேண்டிய அந்தச் சில நொடிகள். விமானிகளும் மனிதர்கள், சாப்பாடு வாங்க வேண்டும், கழிவறைக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் நடைபாதையை மறிக்க, கதவுக்கு முன்னால் இன்னொரு மடக்குத் தடுப்பு வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 2018இலேயே சொன்னது. 2025 ஆகஸ்ட் முதல் தயாராகும் விமானங்களுக்கு என்று 2023இல் விதி வந்தது. பிறகு அந்தக் கெடுவும் தள்ளிப்போடப்பட்டது. மற்ற இடங்களில் பணியாளர் ஒருவர் குறுக்கே நிற்பதும், உணவுத் தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்துவதும்தான் வழக்கம்.

பெரியவரின் மகள் ஊர் போய்ச் சேர்ந்து பேசியபோது, பாதி வழியில் பணிப்பெண் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் பயணிகளைப் பார்த்தபடி அசையாமல் நின்றதையும், எதற்கென்று புரியாததையும் சொல்லியிருக்கிறாள். மறுநாள் மாலை தெருமுனைத் தேநீர்க் கடையில் நான் காரணத்தைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “எங்க ஆளு கயித்தேணியில ஏறும்போதும் மேல ஒருத்தன் அசையாம நிப்பான்பா. ஏறி முடிக்கிற வரைக்கும் அவனுக்கு வேற வேலையே கெடையாது” என்றார்.